முதல்ல ஒண்ணாந்தேதி சம்பளத்தைக் குடுங்க, அப்புறம் வகுப்பு எடுக்கலாம்

டிஸ்கி: இது கொஞ்சம் கோபமான பதிவு. கோபத்தில் பாதி என் மேலேயே. காபி ஆறுவதற்குள் படித்து முடிக்க முடியாது, இரண்டு தடவையாகப் படியுங்கள்.

எங்கள் அபார்ட்மெண்ட் மௌலா அலியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் தர்கா மலை, மூடினாலும் ரயில் சத்தம். பொன்மலை ஒர்க்‌ஷாப் சங்குச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு இந்த ஊர் லோகோ ஷெட் சத்தம் தாலாட்டு மாதிரி என்று தங்கமணியிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒருத்தருக்குத் திடீரென்று சமூக அக்கறை பொங்கியது. வீட்டு வேலை செய்கிறவர்கள், வாட்ச்மேன், கார் துடைக்கிற பையன்கள், இஸ்திரிக்காரர் என்று 14 பேரை உட்காரவைத்து "பணத்தை எப்படிக் கையாள்வது" என்று பயிற்சி கொடுக்கலாம் என்றார். "அவங்களுக்குப் பணம் வராம இல்லைங்க, வெச்சுக்கத் தெரியல" என்பது அவர் சித்தாந்தம். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவன் என்பதால் வாத்தியார் வேலை என் தலையில் விழுந்தது. நானும் பெருமையாக ஏற்றுக்கொண்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா.

ஒரு வாரம் உட்கார்ந்து ஸ்லைடு தயாரித்தேன். வருமானத்தில் 50 சதவீதம் தேவைக்கு, 30 சதவீதம் விருப்பத்துக்கு, 20 சதவீதம் சேமிப்புக்கு. உண்டியல் படம், மரக்கன்று படம். எனக்குத் தெரிந்த தெலுங்கில் முக்கால் மணி நேரம் பேசினேன். யாரும் தூங்கவில்லை, சமோசா வருமென்று சொல்லியிருந்தோம்.

முடிந்ததும், எங்கள் வீட்டிலும் வேலை செய்கிற அம்மா கை தூக்கினார். மகபூப்நகர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். "மீரு செப்பிந்தி பாகுந்தி சார்" என்று ஆரம்பித்தார். நீங்கள் சொன்னது நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் சம்பளம் எத்தனாம் தேதி வரும் என்று அஞ்சு வீட்டுக்காரரும் சொல்லிவிட்டால் நானும் இந்த மாதிரி கட்டம் போட்டு எழுதுவேனே என்றார். கிண்டல் இல்லை, சந்தேகம்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சமோசா வந்து காப்பாற்றியது.

அடுத்த நாலு ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்ந்து கணக்கு போட்டேன். அப்போதுதான் யார் யாருக்கு வகுப்பு எடுக்க வேண்டும் என்பது புரிந்தது.

ஐந்து வீடு, மொத்தம் 14,000 ரூபாய். ஒரு வீடு ஒண்ணாந்தேதி 3,000 கொடுக்கிறது. ஒரு வீடு நாலாந்தேதி 2,500. ஒரு வீடு ஏழாந்தேதி 2,500. இருப்பதிலேயே பெரிய ஃபிளாட்டில் 4,000, அது பத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும். கடைசி வீட்டில் 2,000, கேட்டால் வரும். வீட்டுக்காரர் பெயிண்டர், வேலை இருந்தால் உண்டு, மழை வந்தால் இல்லை. வாடகை 5,000, ஐந்தாந்தேதி. குழுக் கடன் தவணை 2,600, ஏழாந்தேதி காலை பத்து மணி. அங்கே "பத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும்" கிடையாது. கூட இருக்கிற மற்ற பெண்களும் ஜாமீன், ஒருத்தர் கட்டாவிட்டால் எல்லோரும் அங்கேயே உட்கார வேண்டும்.

கூட்டிப் பாருங்கள். ஐந்தாந்தேதிக்குள் கைக்கு வருவது 5,500. வாடகை போக மீதி 500. அரிசி பருப்பு எதில், ஏழாந்தேதித் தவணை எதில்?

அந்த இடைவெளியை அடைக்கத்தான் தினவட்டி. சென்னையில் தண்டல் என்போம், இங்கே கிரிகிரி என்கிறார்கள். பத்தாயிரம் கடன் என்றால் கையில் 9,000 தருவான். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரம் ரூபாய்தானே வட்டி" என்று தோன்றும். தினமும் அசல் குறைந்துகொண்டே போகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 78 சதவீதம். வருடத்துக்கு மூன்று ரவுண்டு எடுக்கிறார். மூவாயிரம் ரூபாய். ஒரு வீட்டில் ஒரு மாதம் முழுக்கப் பெருக்கித் துடைத்துப் பாத்திரம் தேய்த்த கூலி, நாம் தேதி தள்ளிக் கொடுப்பதற்காக அவர் கட்டுகிற அபராதம்.

அந்த ஏழாந்தேதி வீடு எங்களுடையது. எனக்குச் சம்பளம் 30-ந்தேதியே வந்துவிடுகிறது. ஏன் ஏழு என்று தங்கமணியைக் கேட்டேன். "நீங்கதானே ஏடிஎம் போக மறந்துடுவீங்க" என்றாள். அவ்வளவுதான் காரணம்.

இதிலே அந்த அம்மாவுக்குக் கணக்கு தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பேப்பர் இல்லாமல் எட்டு இடத்துப் பாக்கியைத் தேதியோடு சொல்கிறார். சீட்டு, கம்மல் அடகு, தங்கைக்குக் கொடுத்த கைமாற்று, கடைக்காரர் பாக்கி எல்லாம். உலகம் முழுக்க இப்படித்தான். வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா மூன்று நாடுகளிலும் ஏழைக் குடும்பங்களின் வரவு செலவை மாதக்கணக்கில் டைரி போட்டுக் குறித்து 2009-ல் ஒரு புத்தகம் வந்தது. கடன், சேமிப்பு, சீட்டு என்று நாலு வகைக்குக் குறைவாக வைத்திருந்த குடும்பம் ஒன்றுகூட அதில் இல்லை. என்னிடம் இருப்பதே ஒரு சம்பளக் கணக்கு, ஒரு பிஎஃப், ஒரு வீட்டுக் கடன். யார் பண மேலாளர்?

அதோடு "நூத்துக்கு மூணு வட்டி" என்று மாதக் கணக்கில் பேசுகிறவரிடம் போய் வருடச் சதவீதம் தெரியுமா என்று கேட்டு, தெரியாது என்றால் நிதிக் கல்வி இல்லாதவர் என்று எழுதிக்கொள்கிறோம். 2019-ல் நாடு முழுக்க எடுத்த ஆய்வில் 100 பேரில் 27 பேருக்குத்தான் நிதி அறிவு இருக்கிறது என்று வந்தது. மீதி 73 பேருக்கும் வகுப்பு எடுத்தால் நாடு உருப்பட்டுவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி ஆதரவில் இப்போது 2,400-க்கும் மேற்பட்ட நிதிக் கல்வி மையங்கள் ஓடுகின்றன. நல்லது, ஓடட்டும். ஆனால் வகுப்பினால் என்ன ஆகிறது என்று பார்த்தவர்கள் சொல்வதையும் கேட்போமே. 2014-ல் அதுவரை வந்த 201 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தார்கள். மக்கள் பணத்தைக் கையாளும் விதத்தில் தெரிந்த வித்தியாசங்களில் நிதிக் கல்வியால் விளக்க முடிந்தது 0.1 சதவீதம். ஏழைகளிடம் அதைவிடக் குறைவு. 2022-ல் வந்த இன்னொரு பெரிய தொகுப்பு 76 சோதனைகளைப் பார்த்து, இல்லை, நல்ல பலன் இருக்கிறது என்கிறது. அறிஞர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். நான் சொல்ல வருவது அதற்கு முந்தைய விஷயம்.

அகமதாபாதில் ஒரு சோதனை செய்தார்கள். நகரத்து ஏழைகளுக்கு வீடியோ போட்டு வாராவாரம் பாடம். பாடம் மட்டும் கேட்டவர்கள் பெரிதாக மாறவில்லை. பாடத்தோடு கூட, இன்ன தேதிக்குள் இதைச் செய்வேன் என்று இலக்கு வைத்தவர்களிடமும், தனியாக உட்கார்ந்து ஆலோசனை பெற்றவர்களிடமும்தான் மாற்றம் தெரிந்தது. மேடையில் நின்று பேசுவது வேறு, பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு போடுவது வேறு. பயிற்சியாளர் என்றால் கிரிக்கெட் கோச் மாதிரி, அந்த ஆளுடைய மட்டையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பிடித்துப் பார்த்தால் பாதி நேரம் கோளாறு மட்டையில் இல்லை, பிட்ச்சில் என்று தெரியும். எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

நம்ம விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளை வைத்து ஒரு ஆராய்ச்சி 2013-ல் வெளிவந்தது. 464 பேர். அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நேரத்தில் ஒரு தடவை, அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு ஒரு தடவை, அதே ஆட்களுக்கு அதே மாதிரி புதிர்கள் கொடுத்தார்கள். காசில்லாத நேரத்தில் அதே மனிதர் மோசமாகச் செய்தார். புத்தி குறைவு என்பதல்ல, மூளையில் பாதியைக் கடன் கவலை பிடித்து வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் நீ போய் 50-30-20 என்றால் எந்தக் காதில் ஏறும்?

இந்த ஹைதராபாத்தே நிதி உபதேசத்துக்கும் நிதி வியாபாரத்துக்கும் பெரிய பரிசோதனைக்கூடம். இந்த ஊர் 104 ஏழைக் குடியிருப்புகளில் பாதியில் 2005 முதல் ஒரு குறுங்கடன் நிறுவனத்தின் கிளைகளைத் திறக்கவைத்து, மீதிப் பாதியோடு ஒப்பிட்டார்கள். பின்னால் 2019-ல் நோபல் வாங்கிய பானர்ஜி, டுஃப்லோ குழுவின் வேலை. கடன் வந்ததால் குடும்பச் செலவு மொத்தத்தில் உயரவில்லை, பெண்களின் நிலையும் பெரிதாக மாறவில்லை. ஆனால் ஒன்று மாறியது. வெளியே டீ குடிப்பது, புகையிலை, சூதாட்டம், விசேஷம் இவற்றுக்கான செலவு குறைந்தது. தவணை கட்ட வேண்டுமென்றால் அவர்களே இழுத்துப் பிடிக்கிறார்கள். யாரும் உண்டியல் படம் காட்டவில்லை!

அடுத்து 2010. ஆகஸ்டில் இங்கே தலைமையகம் வைத்திருந்த எஸ்கேஎஸ் நிறுவனத்தின் பங்கு சந்தைக்கு வந்து பிய்த்துக்கொண்டு போயிற்று. அதே அக்டோபரில், தவணை நெருக்கடியால் கிராமங்களில் தற்கொலைகள் என்று செய்திகள் குவிந்து, ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டு வீட்டு வாசலில் நின்று வசூலிப்பதைத் தடுத்தது. ஒரே பெண்ணுக்கு மூன்று நாலு நிறுவனங்கள் போட்டி போட்டுக் கடன் கொடுத்திருந்தன. அதற்குப் பிறகு எல்லோரும் சொன்ன பாடம் என்ன தெரியுமா? "கடன் வாங்குபவர்களுக்கு நிதிக் கல்வி தேவை." கொடுத்தவனுக்கு யார் கல்வி கொடுப்பது?

2022 விதிப்படி குறுங்கடன் என்றால் ஆண்டு வருமானம் 3 லட்சம் வரையுள்ள குடும்பத்துக்கு. எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பாதுகாப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 20,000 வருகிற வீட்டில் 10,000 தவணைக்குப் போகலாம் என்பது பாதுகாப்பு என்றால், அந்த வீட்டுக்கு நான் எதை வைத்து பட்ஜெட் சொல்லித்தருவது?

வங்கியில் போடச் சொல்லலாமே என்பீர்கள். 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டே மாதத்தில் நாட்டின் மிகப் பெரிய வங்கி, குறைந்தபட்ச இருப்பு வைக்காதவர்களிடமிருந்து 1,771 கோடி ரூபாய் அபராதம் வசூலித்தது. 2020-ல் அந்த அபராதத்தை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் "பேங்க்ல போட்டா காசு கரையும்" என்று அந்த அம்மா சொன்னபோது அதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி நம்மாளுங்க பக்கம் வருகிறேன். ஊர் விட்டு ஊர் வந்து நாலு காசு பார்த்துவிட்டோம், நமக்குப் பணம் தெரியும் என்று நினைக்கிறோம் பாருங்கள், அதுதான் வேடிக்கை. 1998-ல் தேக்கு மரத் திட்டத்தில் போட்டது யார்? 2012-ல் ஈமு கோழியில்? 2022-ல் ஆருத்ராவில்? வேலைக்கார அம்மாவா? டிகிரி வாங்கியவர்களும் ரிட்டையர்மெண்ட் பணம் வந்தவர்களும் அதில் எத்தனை பேர் என்று உங்கள் சொந்தத்திலேயே எண்ணிப் பாருங்கள். 2020 டிசம்பரில் இந்த ஊரில் மொபைல் கடன் செயலிகளின் கொடுமை வெடித்தபோது உயிரை விட்டவர்களில் ஒரு மென்பொருள் பொறியாளர் இருந்தார், ஒரு வேளாண் அதிகாரி இருந்தார். படிப்பு காப்பாற்றவில்லை.

என் அப்பாவின் சிக்கனத்தைப் பற்றி எங்கள் வீட்டில் புராணமே உண்டு. ஒரு பைசா வீண் செய்ய மாட்டார், மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தார், பொன்மலையில் வீடு கட்டினார். இந்த நாலு ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் அவருடைய பழைய சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். பிஎஃப் பிடித்தம். சொசைட்டிக் கடன் பிடித்தம். எல்ஐசி பிடித்தம். எல்லாம் பிடித்து மீதியைத்தான் கையில் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் தேதி தவறாமல். ஆஸ்பத்திரி ரயில்வேயுடையது. சிக்கனம் அப்பாவின் குணம் என்று நினைத்திருந்தேன். பாதி அந்தச் சீட்டின் குணம். (அப்பா இதைப் படித்தால் திட்டுவார். மீதிப் பாதி உங்களுடையதுதான் அப்பா.)

சம்பளப் பட்டுவாடாச் சட்டம் 1936-லேயே வந்தது. ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடத்தில் ஏழாந்தேதிக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்றது. ஆலைக்கு வந்தது, ரயிலுக்கு வந்தது, நம்ம வீட்டு அடுப்படிக்குள் மட்டும் வரவில்லை. சிங்கப்பூரில் இருக்கிற நம்மாளுங்களுக்குத் தெரியும், அங்கே வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அமீரகத்தில் 2009 முதல் கம்பெனிச் சம்பளம் வங்கி வழியாகப் போகிறதா என்று அரசே கண்காணிக்கிறது. அங்கே நமக்கு ஒரு வாரம் தள்ளிப்போனால் என்ன குதி குதிக்கிறோம்!

சரி, என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நாலு வீட்டுக் கதவைத் தட்டினேன். மூன்று பேர் ஒண்ணாந்தேதிக்கு ஒத்துக்கொண்டார்கள், நாங்களும் சேர்த்து. பெரிய ஃபிளாட்டும் அதில் உண்டு, மனுஷன் உண்மையிலேயே வெட்கப்பட்டார். கேட்டால் கொடுக்கிற வீட்டில் மட்டும் "ஒண்ணாந்தேதி குடுத்தா ரெண்டாந்தேதி வேலைக்கு வரமாட்டாங்க" என்று ஒரு தத்துவம். போகட்டும். இப்போது ஒண்ணாந்தேதியே 12,000 கையில். தினவட்டியில் மீதியிருந்த 4,000-ஐ நாங்கள் வட்டியில்லாமல் முன்பணமாகக் கொடுத்து அடைத்தோம், மாதம் 500 பிடித்தம். 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் வங்கியில் போட வைத்தோம். ஏழு மாதம் கிரிகிரிக்காரன் இந்தத் தெருப்பக்கம் அவருக்காக வரவில்லை. நான் சங்கத்தில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

எட்டாவது மாதம் மழைக்காலத்தில் மாமியாருக்கு டெங்கு. பக்கத்து நர்ஸிங் ஹோமில் 18,000 ரூபாய் பில். அதே நேரம் மழையில் பெயிண்டிங் வேலை கிடையாது. கம்மல் மறுபடி அடகுக்குப் போயிற்று, கிரிகிரிக்காரனும் மறுபடி வந்தான். எங்களிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். "ஏற்கெனவே வாங்கியதே முடியலை சார், எந்த முகத்தோட கேக்கறது" என்றார்.

சங்கத்து நண்பர் உடனே ஆரம்பித்துவிட்டார். "நான் சொன்னேன்ல, இவங்களைத் திருத்த முடியாது." அவருக்குச் சாதகமான ஒரு ஆராய்ச்சியையும் நானே சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன். சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகளின் கந்துவட்டிக் கடனை ஆராய்ச்சியாளர்களே மொத்தமாக அடைத்துப் பார்த்தார்கள், 2019-ல் வெளிவந்தது. பெரும்பாலோர் ஆறே வாரத்தில் மறுபடி கடனில். சிலருக்குப் பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். ஆக, கடனை ஒரு தடவை அடைப்பதும் போதாது, வகுப்பும் போதாது. ஆனால் இதிலிருந்து "திருத்த முடியாது" என்று எப்படி வருகிறது? கடனை அடைத்த மறுநாளும் அந்த வியாபாரிக்கு மாதச் சம்பளம் இல்லை, நோய் வந்தால் பார்க்க ஆள் இல்லை. ஓட்டை அங்கேயே இருக்கிறது. தண்ணீர் வெளியே போனது தண்ணீரின் ஒழுக்கக் கேடா?

குடிக்கிறார்கள் என்பீர்கள். சிலர் குடிக்கிறார்கள்தான், அவர்களால் அந்தப் பெண்கள் படுவதும் தெரியும். நம் கிளப் ஹவுஸில் சனிக்கிழமை என்ன நடக்கிறது என்பதும் தெரியும். போன் வாங்குகிறார்கள் என்பீர்கள். அந்தப் போனில்தான் நீங்கள் "இன்னிக்கு விருந்தாளி, சீக்கிரம் வா" என்று கூப்பிடுகிறீர்கள். ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்று நாம் பழமொழி சொல்வோம். அளக்கிற நாழியை நாம் கையில் வைத்துக்கொண்டு அவர்களை அளக்கச் சொன்னால் எப்படி?

பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உட்கார்ந்து பேசுங்கள். தினவட்டியின் 78 சதவீதத்தைக் கணக்குப் போட்டுக் காட்டியபோது அந்த அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன், அது வீண் போகவில்லை. ஆனால் பாலிசி விற்க வருகிறவனைப் பயிற்சியாளர் என்று கூட்டி வராதீர்கள். பேசுவதற்கு முன்னால் நீங்கள் சம்பளம் கொடுக்கிற தேதியைப் பாருங்கள். நீங்கள் ஊருக்குப் போகிற மே மாதம் அவருக்கும் சம்பளம் உண்டா என்று பாருங்கள். கடைசியாக எப்போது ஏற்றிக் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்று வருஷம் ஆகியிருந்தது. கேபிள் கட்டணம் மட்டும் அதற்குள் இரண்டு தடவை ஏறியிருந்தது.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். நான் வைத்திருக்கிற தீர்மானம் மூன்றே வரி: எல்லா வீட்டிலும் ஒண்ணாந்தேதி சம்பளம். வருஷத்துக்கு ஒரு தடவை உயர்வு. மருத்துவ அவசரத்துக்கு 14 பேருக்கும் சேர்த்து சங்கப் பணத்திலிருந்து 50,000 ரூபாய் வட்டியில்லாச் சுழல்நிதி. லிஃப்டுக்குப் புது கண்ணாடி போட இதைவிட அதிகம் செலவழித்தோம். 48 வீட்டில் இதுவரை 19 கையெழுத்து வந்திருக்கிறது. இன்னும் ஆறு வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி கதவு தட்டப் போகிறேன், தங்கமணியும் வருகிறாளாம்.